முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வருகிறது? அரசியல் படுகொலையைச் சுற்றிய பல பாத்திரப் படங்கள்

அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ராபர்ட் கென்னடி சுடப்படுவார் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ஆபிரகாம் லிங்கன் அன்றிரவு நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பப் போவதில்லை என்பதும் தெரியும். பள்ளிப் பாடத்தில் ஒற்றை வரியில் படித்து முடித்த செய்திதான். அப்படியிருந்தும் இந்த வகைப் படங்களில் தேறியவை நம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கின்றன. எப்படி?

'அடுத்து என்ன நடக்கும்' என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. அதன் இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்கிறது: அது நடக்கும் நொடியில் யார் யார் எங்கே நின்றுகொண்டிருப்பார்கள்? தலைவரின் கதி வரலாற்றில் எழுதியாயிற்று. பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கும் பையனின் கதி எங்கும் எழுதப்படவில்லை. பார்ப்பவரின் பதற்றமெல்லாம் அந்தப் பையன் மேல்தான் போய் நிற்கிறது. திரைக்கதைக்குள் இருபது பேரைக் கொண்டுவருவது பிரம்மாண்டத்துக்காக அல்ல. முடிவு தெரிந்த கதைக்குள் முடிவு தெரியாத சில உயிர்கள் வேண்டும், அதற்காக.

எது இந்த வகை, எது இல்லை

மூன்று விஷயங்கள் சேர வேண்டும். கொலை உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். தனி நாயகன் என்று ஒருவர் இல்லாமல், குறைந்தது ஐந்தாறு பேராவது தங்கள் சொந்தக் கவலைகளோடு நடமாட வேண்டும். காலம் சில மணி நேரத்துக்குள்ளோ சில நாட்களுக்குள்ளோ கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

1982-ல் வந்த 'காந்தி' படம் 1948 ஜனவரி 30 மாலை நடந்த கொலையில்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த மூன்று மணி நேரமும் ஒரே மனிதரின் வாழ்க்கை. ஆகவே அது வாழ்க்கை வரலாற்றுப் படம். ஒரு அதிகாரி துப்புத் துலக்கிக்கொண்டே போனால் அது புலனாய்வுப் படம். மல்டி ஸ்டாரரும் வேறு: நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரே பகையைத் தீர்த்தால் அங்கே இருப்பது ஒரே கதைதான். பல பாத்திரப் படத்தில் ஆளுக்கொரு கதை உண்டு. அவை ஒன்றையொன்று உரசலாம், உரசாமலேயும் போகலாம். அவற்றை ஒன்றாகக் கட்டிவைப்பது இடமும் கடிகாரமும்தான்.

இந்த அமைப்பு ஹாலிவுட்டில் 1932-ன் 'கிராண்ட் ஹோட்டல்' காலத்திலேயே வேரூன்றிவிட்டது. ஒரே ஹோட்டல், தொடர்பில்லாத விருந்தினர்கள், ஆளுக்கொரு சிக்கல். அதை அரசியலோடு சேர்த்துக் கட்டியவர் ராபர்ட் ஆல்ட்மன். அவருடைய 'நாஷ்வில்' (1975) படத்தில் 24 முக்கியப் பாத்திரங்கள், ஐந்து நாட்கள், கடைசியில் ஒரு தேர்தல் பிரச்சார மேடையில் துப்பாக்கிச் சூடு. கதை கற்பனை. ஆனாலும் இந்த வகையின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

துப்பாக்கிச் சத்தத்தை எங்கே வைப்பது

எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். பாத்திரங்கள், வசனம், கேமரா கோணம் எல்லாம் இதற்குப் பிறகு. மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

கொலையைக் கடைசியில் வைத்தால் படம் முழுவதும் காத்திருப்பு. ராபர்ட் கென்னடி கொலையைச் சுற்றி எமிலியோ எஸ்டெவெஸ் எழுதி இயக்கிய 'பாபி' (2006) இந்த வழியில் போகிறது. 1968 ஜூன் 4, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க கலிஃபோர்னியாவில் நடந்த பிரைமரித் தேர்தல் நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசிடர் ஹோட்டல். பகலில் தொடங்கி நள்ளிரவு கடந்து முடிகிறது. இதில் முதல் ஒரு மணி நேரம் தொய்ந்துபோகும் ஆபத்து அதிகம். கொலை எப்போது வரும் என்று பார்ப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் படம் தோற்றது என்று பொருள்.

கொலையை முதலிலேயே வைத்தால் கதை முழுவதும் பின்விளைவு. 'பார்க்லேண்ட்' (2013) படத்தில் ராபர்ட்டின் அண்ணனும் அதிபருமான ஜான் கென்னடி சுடப்படுவது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு மருத்துவமனை, கொலையைப் பதிவு செய்த படச்சுருள், எஃப்பிஐ அலுவலகம், சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் அண்ணன் என்று நான்கு தடங்கள், அதாவது நான்கு தனிக் கதைகள். லிங்கன் கொலை வழக்கில் மேரி சரட் ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டதைச் சொல்லும் 'தி கான்ஸ்பிரேட்டர்' (2010) படமும் இதே ஜாதிதான். இங்கே சிக்கல் வேறு மாதிரி: மிகப் பெரிய காட்சி முதல் கால் மணி நேரத்திலேயே செலவாகிவிடும். மிச்சப் படத்தை ஓட்ட அதற்கு ஈடான இன்னொரு கேள்வி வேண்டும். மேரி சரட் விஷயத்தில் அந்தக் கேள்வி தயாராகவே இருந்தது: ஒரு பெண்ணைத் தூக்கில் போடுவார்களா? 1865 ஜூலை 7 அன்று போட்டார்கள். அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண் அவர்தான்.

நடுவில் வைப்பது மூன்றாவது வழி, மூன்றிலும் கடினமானது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில் சீஸர் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே செத்துவிடுகிறார்; பாதி நாடகம் பாக்கி இருக்கிறது. காஸ்டா காவ்ராஸின் 'இஸட்' (1969) படமும் இதே வடிவம்தான். கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் 1963 மே 22 அன்று தெசலோனிகியில் அமைதிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் தாக்கினார்கள். ஐந்து நாள் கழித்து இறந்தார். படத்தில் அந்தத் தலைவராக வரும் ஈவ் மோந்தான் கொஞ்ச நேரமே இருக்கிறார். அவர் விட்டுப்போன இடத்தை யாரும் கேட்காமலேயே ஒரு விசாரணை நீதிபதி எடுத்துக்கொள்கிறார். முதல் பாதியின் கேள்வி 'காப்பாற்றுவார்களா', இரண்டாம் பாதியின் கேள்வி 'மூடி மறைப்பார்களா'. கேள்வி கைமாறும் அந்தப் பத்து நிமிடம் சரியாக அமையாவிட்டால் இரண்டு படங்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். 'இஸட்' தப்பித்ததற்குக் காரணம், மூடி மறைக்கப்போகும் அதிகாரிகளை முதல் காட்சியிலேயே வரிசையாக உட்கார வைத்து அறிமுகம் செய்துவிட்டதுதான்.

ஒரு கிரிக்கெட் டிக்கெட் அல்ல, பேஸ்பால் டிக்கெட்

சின்னத் தடம் பெரிய வரலாற்றோடு எப்படிப் பூட்டப்படுகிறது என்பதற்கு 'பாபி'யில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சமையலறையில் வேலை பார்க்கும் ஹோஸே என்ற மெக்சிக அமெரிக்க இளைஞனிடம் அன்றிரவு டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது. டான் டிரைஸ்டேல் பந்து வீசப் போகிறார். எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் தொடர்ந்து ஆறாவது ஆட்டத்தை முடித்தால் சாதனை. ஆனால் மேலாளர் இரட்டை ஷிஃப்ட் போட்டுவிடுகிறார், ஹோஸேயால் போக முடியாது. டிக்கெட்டைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுகிறான்.

பார்க்கும்போது இது வெறும் அன்றாடச் சங்கடம். ஆனால் டிரைஸ்டேல் அன்றிரவு உண்மையாகவே அந்தச் சாதனையைச் செய்தார். நள்ளிரவுக்குப் பின் மேடை ஏறிய ராபர்ட் கென்னடி தன் வெற்றிப் பேச்சில் முதலில் குறிப்பிட்டவற்றில் ஒன்று அந்த ஆட்டம்தான். பேச்சு முடிந்து பத்திரிகையாளர்கள் காத்திருந்த அறைக்குச் சமையலறைப் பகுதி வழியாக நடந்தார், 12.15 மணியளவில் சுடப்பட்டார். கீழே விழுந்தவரின் தலையைத் தாங்கிப் பிடித்தது அங்கே வேலை பார்த்த 17 வயதுப் பையன் ஒருவன். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. ஹோஸே பாத்திரம் அந்தப் பையனை வைத்து உருவானது.

இப்போது டிக்கெட்டைத் திரும்பிப் பாருங்கள். அந்த இரட்டை ஷிஃப்ட் இல்லாவிட்டால் பையன் ஸ்டேடியத்தில் இருந்திருப்பான். யாரும் வசனமாகச் சொல்லவில்லை, பின்னணி இசை உந்தவில்லை. ஒரு சின்னப் பொருள் ஒருவனை இந்த அறைக்குள் நிறுத்திவிட்டது. இந்த வகைத் திரைக்கதையில் ஒவ்வொரு தடத்துக்கும் இப்படி ஒரு காரணம் தேவை: இந்த ஆள் ஏன் அந்த நிமிடத்தில் அங்கே இருந்தார்? பதில் 'அவர் அங்கே வேலை பார்க்கிறார்' என்பதோடு நின்றுவிட்டால் அந்தத் தடம் வலுவில்லாதது.

சுடப்பட்டவர்கள் விஷயத்திலும் படம் இதே கணக்கைப் போடுகிறது. அன்று கென்னடியைத் தவிர இன்னும் ஐந்து பேர் காயமடைந்தார்கள், ஐவரும் பிழைத்தார்கள். படத்தில் அந்த ஐவர் இல்லை. அவர்கள் இடத்தில் நாம் இரண்டு மணி நேரமாகப் பழகிய கற்பனைப் பாத்திரங்கள் விழுகிறார்கள். யார் விழுவார்கள் என்பது வரலாற்றைக் கரைத்துக் குடித்தவருக்கும் தெரியாது. உத்தி என்ற அளவில் கெட்டிக்காரத்தனம். ஆனால் உண்மையில் குண்டடி பட்ட ஐந்து பேர் தங்கள் சொந்தக் கதையிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள், அதையும் மறுக்க முடியாது.

நிமிடக் கணக்கு

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டு மணி நேரப் படத்தில் 22 பாத்திரங்களைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை நிமிடம்கூட வராது. ஒரு காட்சி சராசரியாக ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் ஒருவருக்கு மூன்று காட்சிகள், நாலாவது பாதியில் நின்றுவிடும். மூன்று காட்சியில் ஒரு மனிதனை அறிமுகம் செய்து, அவனுக்கு ஒரு தேவையைக் கொடுத்து, அதை மாற்றிக் காட்ட வேண்டும். 160 நிமிட 'நாஷ்வில்' படத்தில்கூட 24 பேருக்கு ஆளுக்குச் சுமார் ஆறே முக்கால் நிமிடம்தான் வரும். ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் 'பார்க்லேண்ட்' நான்கு தடங்களோடு நிறுத்திக்கொண்டதால் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. ஆழம் கூடும், அகலம் குறையும்.

இந்த நெருக்கடியைச் சமாளிக்க ஒரே வழி, பாத்திரங்களைத் தனித்தனியாக வைக்காமல் ஜோடியாகவோ மூவராகவோ கட்டுவது. 22 பேர் என்பது எட்டுத் தடங்களாகிவிட்டால் ஒரு தடத்துக்குப் பதினைந்து நிமிடம். கணவன் மனைவி, மேலாளர் தொழிலாளி, பழைய நண்பர்கள் என்று இரண்டிரண்டு பேராக நிறுத்தினால் ஒருவர் பேசும்போதே மற்றவரும் தெரிந்துவிடுகிறார். ஒரு தடம் இருபது நிமிடத்துக்கு மேல் திரையில் வராமல் போனால் பார்ப்பவர் அதை மறந்துவிடுவார். திரும்பி வரும்போது 'இவர் யார்' என்ற குழப்பத்தில் அந்தக் காட்சியின் முதல் அரை நிமிடம் வீணாகும். முகம் தெரிந்த நடிகர்களைப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஆண்டனி ஹாப்கின்ஸை யாரும் மறக்க மாட்டார்கள், பாத்திரத்தின் பெயர் நினைவில்லாவிட்டாலும். அதே உத்தி வேறு விதத்தில் காலை வாரும். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் ஒரு பிரபல முகம் வந்தால், பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கிவிடுவார். 'பாபி' மேல் வந்த விமர்சனங்களில் இது முக்கியமானது, நியாயமானதும்கூட.

சார்ட் பேப்பரும் சிவப்பு மையும்

வேலை நடக்கும் விதம் சிக்கலானதல்ல, பொறுமைதான் வேண்டும். பெரிய சார்ட் பேப்பரில் இடது ஓரமாக நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்; ஒரு நாள் கதை என்றால் அரை மணி இடைவெளியில், கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஐந்து நிமிட இடைவெளியில். மேலே தடத்துக்கு ஒரு பத்தி. வரலாற்றில் உறுதியாகத் தெரிந்த நேரங்களை முதலில் சிவப்பு மையில் நிரப்ப வேண்டும். அவற்றை நகர்த்தக் கூடாது. கற்பனை அனைத்தும் பென்சிலில்.

லிங்கன் கொலையை இப்படிப் போட்டுப் பார்த்தால் சார்ட் எவ்வளவு பயன்படும் என்று தெரியும். 1865 ஏப்ரல் 14 இரவு சதிகாரர்கள் குறி வைத்தது மூன்று பேரை. ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனை 10.15 மணியளவில் ஜான் வில்க்ஸ் பூத் சுடுகிறான். கிட்டத்தட்ட அதே நேரத்தில் வண்டி விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த வெளியுறவு அமைச்சர் சீவார்டின் வீட்டுக்குள் லூயிஸ் பவல் கத்தியோடு நுழைகிறான். சீவார்ட் காயத்தோடு பிழைக்கிறார். துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைக் கொல்ல வேண்டிய ஜார்ஜ் அட்ஸெராட், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், தைரியம் வராமல் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். மூன்று பத்திகள், ஒரே கட்டம், மூன்று வேறு முடிவுகள். இவற்றை மாறி மாறி வெட்டிக் காட்டினால் போதும், தனியாகப் பதற்றம் சேர்க்க வேண்டியதில்லை. பூத் சுட்டது நாடகத்தில் பலத்த சிரிப்பு எழும் வசனத்துக்குக் காத்திருந்து என்பதையும் சார்ட்டில் குறித்துக்கொண்டால், அந்தச் சிரிப்புச் சத்தமே காட்சியின் கடிகாரம் ஆகிவிடும்.

சார்ட்டின் இன்னொரு பயன், இடத்தைச் சரிபார்ப்பது. கொலை நடக்கும் அறையைப் பார்ப்பவர் அதற்கு முன் இரண்டு மூன்று முறையாவது பார்த்திருக்க வேண்டும்: கதவு எங்கே, மேசை எங்கே, கூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வரும். கடைசி நிமிடத்தில்தான் முதல் தடவையாக அந்த இடத்துக்குள் நுழைகிறோம் என்றால் குழப்பம்தான் மிஞ்சும். எடிட்டிங் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தக் குழப்பத்தை மறைக்க முடியாது.

எல்லாப் பத்திகளும் கடைசிக் கட்டத்தில் ஒரே அறைக்குள் வந்து சேர வேண்டும் என்ற ஆசை வரும். அதைக் கட்டுப்படுத்த வேண்டும். எட்டுத் தடத்தில் மூன்றோ நான்கோ உள்ளே இருந்தால் போதும். மற்றவர்கள் வாசலிலோ மாடியிலோ வேறு ஊரில் ரேடியோ பக்கத்திலோ இருக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் கூடினால் அது தற்செயல் போலத் தெரியாது, எழுத்தாளர் கூட்டிவந்த மாதிரி தெரியும்.

தலைவரின் முகம்

'நாஷ்வில்' படத்தில் வேட்பாளரை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று தெருத்தெருவாகப் பிரச்சாரம் செய்துகொண்டு போகும், அவ்வளவுதான். 'பாபி'யில் கென்னடி வருவது பெரும்பாலும் பழைய செய்திப் படச் சுருள்களில்; மற்ற இடங்களில் முதுகோ தோளோ மட்டும். இந்த ஒதுங்கலுக்குக் காரணம் உண்டு. உலகமே அறிந்த முகத்துக்கு நடிகரைப் போட்டால் பார்ப்பவர் முதலில் ஒப்பனையை எடைபோடுவார். அதோடு, தலைவர் பேசத் தொடங்கிவிட்டால் கதை அவருடையதாகிவிடும். சுற்றியிருக்கும் இருபது பேரும் கூட்டமாகச் சுருங்கிவிடுவார்கள்.

பழைய சுருளைப் பயன்படுத்துவதில் தொழில்நுட்பச் சிக்கல்கள் நிறைய. அறுபதுகளின் செய்திப் படங்கள் பெரும்பாலும் 16 மி.மீ., கிட்டத்தட்டச் சதுரமான சட்டம். இன்றைய திரை அகலமானது. மேலும் கீழும் வெட்டினால் தலை போகும், வெட்டாமல் விட்டால் இரு பக்கமும் கருப்புப் பட்டை. புதிதாக எடுத்த காட்சி பளிச்சென்றும் பழையது மணல் தூவியது போலவும் இருந்தால் ஒவ்வொரு வெட்டும் கண்ணை உறுத்தும். நடைமுறைத் தீர்வு, பழைய சுருளைக் கதைக்குள் இருக்கும் டி.வி. பெட்டியில் ஓடவிடுவது, அல்லது அதற்கு முன்னும் பின்னும் வரும் புதுக் காட்சிகளை வேண்டுமென்றே நிறம் மங்கி, நடுங்கும் கேமராவில் எடுப்பது.

இரண்டாவது வழியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆலிவர் ஸ்டோனின் 'ஜேஎஃப்கே' (1991) உண்மையான சுருளையும் நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகளையும் 35 மி.மீ., 16 மி.மீ., 8 மி.மீ., கருப்பு வெள்ளை என்று கலந்து கட்டியது. ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் சாதாரணப் பார்வையாளரால் எது ஆவணம், எது நடிப்பு என்று பிரிக்க முடியவில்லை. படம் சொன்ன ஊகம் சாட்சியம் போல மனதில் பதிந்தது. அதன் தாக்கத்தில் 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கென்னடி கொலை ஆவணங்களை வெளியிடச் சட்டம் இயற்றியது நல்ல விளைவுதான். ஆனாலும் அந்த உத்தியை ஆரம்பக்காரர்கள் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. ஆவணமும் நடிப்பும் கலக்கும் இடத்தில் ஏதாவது ஒரு அடையாளம் விடுங்கள்: சட்டத்தின் அளவு மாறட்டும், அல்லது ஒலி மாறட்டும்.

கொலையாளிக்கு எத்தனை நிமிடம்

கொலையாளிக்குத் தனித்தடம் கொடுத்தால் மற்ற எல்லோரையும் அவன் விழுங்கிவிடுவான், ஏனென்றால் திட்டம் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அன்றைய பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒரு இலக்கை நோக்கி நகர்கிறான். திரையில் திட்டம் எப்போதும் பொழுதுபோக்கை ஜெயிக்கும். அதனால்தான் 'பாபி' அவனைக் கண்ணில் படுவதும் படாததுமாக விட்டுவிடுகிறது. 'பார்க்லேண்ட்' ஆஸ்வால்டை ஒதுக்கிவிட்டு அவன் அண்ணனைப் பின்தொடர்கிறது. அந்த அண்ணன் தடத்துக்கு வரலாறே ஒரு காட்சியை எழுதி வைத்திருந்தது: 1963 நவம்பர் 25 அன்று, ஜான் கென்னடி அடக்கம் செய்யப்பட்ட அதே நாளில், ஆஸ்வால்டின் சவப்பெட்டியைச் சுமக்க ஆளில்லாமல் செய்தி சேகரிக்க வந்த நிருபர்களே தோள் கொடுத்தார்கள்.

சதி செய்பவர்களே கதை மாந்தர்கள் என்றால் கணக்கு மாறும். 'வால்கைரி' (2008) அப்படிப்பட்டது. அங்கே பதற்றத்தைத் தாங்குவது ஒரு தோல் பை. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் இரண்டு வெடிப்பொட்டலங்கள் கொண்டுபோனார். இடையில் ஆள் வந்து அவசரப்படுத்தியதால் ஒன்றைத்தான் முடுக்க முடிந்தது. பை மேசையின் கனமான காலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தப்பட்டது. 12.42-க்கு வெடித்தபோது ஹிட்லர் பிழைத்துக்கொண்டார். பேச்சே தேவையில்லை, பையின் இடம் மாறுவதைக் காட்டினால் போதும். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் கொலையிலும் இப்படி ஒரு பொருள் உண்டு: புகைப்படம் எடுத்தவர் குண்டுவெடிப்பில் இறந்தார், அவர் கேமரா தப்பியது, அதிலிருந்த பத்துப் படங்கள்தான் விசாரணைக்கு வழி காட்டின. இத்தகைய பொருள் கிடைத்தால் அதற்கும் சார்ட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

முதலாவது, பின்னால் நடக்கப்போவது தெரிந்த மாதிரிப் பேசும் வசனம். 'நாளையிலிருந்து இந்த நாடே மாறப்போகிறது' என்று 1968-ல் ஒரு வரவேற்பாளர் சொன்னால் அது வரவேற்பாளர் பேசுவதல்ல, 2006-ல் உட்கார்ந்து எழுதியவர் பேசுவது. சோதிக்க எளிய வழி: கொலை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்த வசனத்தைப் படியுங்கள். அப்போதும் அது இயல்பாக இருந்தால் தேறும்.

இரண்டாவது, பிரச்சினைக்கு ஒரு ஆள் என்று பங்கு பிரிப்பது. நிறவெறிக்கு ஒருவர், போருக்கு ஒருவர், போதைக்கு ஒருவர், பெண்ணுரிமைக்கு ஒருவர் என்று வைத்தால் பாத்திரங்கள் மனிதர்களாக இல்லாமல் பதாகைகளாகிவிடும். வியட்நாமுக்கு அனுப்பப்படாமல் காப்பாற்றுவதற்காக ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளும் பெண் என்ற 'பாபி' தடம் தேறுகிறது. காரணம், போரைப் பற்றி அவர்கள் பிரசங்கம் செய்வதில்லை, கல்யாணத்தைப் பற்றித்தான் தயங்குகிறார்கள். போதைப்பொருள் தடம் தேறவில்லை; அதை வெட்டி எறிந்தால் படத்தில் எதுவும் குறையாது.

மூன்றாவது, கலவைப் பாத்திரம். நிஜத்தில் நான்கு பேர் செய்ததை ஒருவர் மேல் ஏற்றுவது திரைக்கதையில் சகஜம், பல நேரம் தவிர்க்க முடியாதது. தேதிகளைச் சுருக்கலாம், ஆட்களைச் சேர்க்கலாம். ஆனால் குற்றத்தைச் சேர்க்கக் கூடாது. கலவைப் பாத்திரம் உதவி செய்தால் யாருக்கும் நட்டமில்லை. அது சதியில் ஈடுபட்டால், அதன் மூல மனிதர்கள் அனைவர் மேலும் சந்தேகம் விழும். சட்டமும் இங்கே குறுக்கே வரும். அமெரிக்காவில் பொதுவாக இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குத் தொடர முடியாது. இந்தியக் குற்றவியல் சட்டத்தின் அவதூறுப் பிரிவோ, இறந்தவரின் பெயரைக் கெடுத்து நெருங்கிய உறவினர்களைப் புண்படுத்துவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உயிரோடிருப்பவர் என்றால் எந்த ஊரிலும் எச்சரிக்கை தேவை. படத் தொடக்கத்தில் போடும் 'யாரையும் குறிப்பிடவில்லை' அட்டை பெரிய கவசம் ஒன்றும் இல்லை. 'இஸட்' அந்த அட்டையையே கேலி செய்து, ஒற்றுமைகள் தற்செயல் அல்ல, வேண்டுமென்றே வைத்தவை என்று போட்டது. ஆனால் அவர்கள் படம் எடுத்தது கிரீஸில் அல்ல, அல்ஜீரியாவில். நாட்டின் பெயரையும் படத்தில் சொல்லவில்லை.

நான்காவது, சுட்ட பிறகு எவ்வளவு நேரம் என்ற கேள்வி. கொலையைக் கடைசியில் வைக்கும் படங்கள் பலவும் இங்கே அவசரப்படுகின்றன. இருபது பேரை அறிமுகம் செய்துவிட்டு, குண்டு வெடித்த இரண்டாவது நிமிடம் திரையை இருட்டாக்கினால் அந்தத் தடங்கள் எதுவும் முடியாது. எட்டுத் தடங்கள் இருந்தால் சுட்ட பின் குறைந்தது எட்டு நிமிடமாவது வேண்டும், தடத்துக்கு ஒரு முகம் என்ற அளவில். 'பாபி' இங்கே ஒரு நல்ல முடிவு எடுத்தது: வசனங்களை நிறுத்திவிட்டு, 1968 ஏப்ரல் 5 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், கிளீவ்லேண்டில் ராபர்ட் கென்னடி வன்முறையைப் பற்றிப் பேசிய உரையை மேலே ஓடவிட்டது. கீழே ஓடும் படங்களில் எல்லாத் தடங்களும் மூடிக்கொள்கின்றன.

பார்த்துப் பழக

படித்துப் புரிவதைவிடக் கடிகாரத்தோடு பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். காகிதத்தில் ஐந்து நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: தலைவரை முதலில் பார்த்தது, கொலை நடக்கும் இடத்தை முதலில் பார்த்தது, ஆயுதத்தை முதலில் பார்த்தது, சுட்டது, படம் முடிந்தது. கூடவே ஒவ்வொரு தடமும் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று ஒரு கோடு போடுங்கள். எந்தத் தடத்தில் நீண்ட இடைவெளி விழுந்திருக்கிறதோ, அநேகமாக அங்கேதான் உங்களுக்கும் அலுப்புத் தட்டியிருக்கும்.

எடுத்த எடுப்பில் 24 பாத்திரங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நான்கே தடங்கள் உள்ள 'பார்க்லேண்ட்' தொடங்கச் சரியான படம். அதில் ஆபிரகாம் சப்ரூடர், கென்னடி சுடப்பட்டதைத் தன் வீட்டு 8 மி.மீ. கேமராவில் பிடித்த 26.6 விநாடிச் சுருளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் தடத்தை மட்டும் ஒருமுறை தனியாகக் குறித்துப் பாருங்கள். அடுத்து 'இஸட்', கேள்வி கைமாறும் இடத்தைக் கவனிக்க. பிறகு 'பாபி', இந்தத் தடவை இறுதிக் காட்சியை முதலில் பார்த்துவிட்டு, யார் யார் விழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டுங்கள். எந்தெந்தத் தடங்கள் அப்போதும் உங்களைப் பிடித்து வைக்கின்றன என்று பாருங்கள். 'நாஷ்வில்' கடைசியாக, சார்ட் பேப்பரோடு.